கடலோர ரிசார்ட்டா, ஊருக்குள் ஓட்டலா? மெக்சிகோ போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் நவம்பர் பிறந்ததும் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். தேங்க்ஸ்கிவிங்குக்கு நான்கு நாள் விடுமுறை. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஹூஸ்டனில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் கான்கூன். போன வருஷம் போய்வந்த நண்பர் ஒரு ரிசார்ட்டின் பெயரை வாட்ஸாப்பில் அனுப்புவார். மச்சினர் அதையே வழிமொழிவார். அன்று இரவே பணம் கட்டியாகிவிடும். போகிறவர்கள் யார், அவர்களுக்கு எது பிடிக்கும், பகல் பொழுதை எப்படிக் கழிப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான்கு நாளும் சோறு கிடைக்காமல் தர்பூசணியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுவிட்டுத் திரும்பிய பெற்றோர்கள் உண்டு. மெக்சிகோவுக்குப் போய்வந்தும் மெக்சிகோவின் ஒரு தெருவில்கூடக் கால் வைக்காதவர்கள் அதைவிட அதிகம்.

கான்கூன் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அது தானாக வளர்ந்த ஊரில்லை. மெக்சிகோவின் மத்திய வங்கி, சுற்றுலா வழியாக அந்நியச் செலாவணி ஈட்டத் தோதான கடற்கரைகளைத் தேடி, ஏறக்குறைய ஆளே இல்லாத இந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தது. 1970-ல் வேலை தொடங்கியது. எழுபதுகளின் நடுவில் முதல் ஓட்டல்கள் திறந்தன. அதுவரை மத்திய அரசின் ஆட்சிப்பகுதியாக இருந்த, கான்கூன் அடங்கிய கின்டானா ரோ 1974-ல்தான் மாநிலமானது. திட்டமிடும்போதே ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நிச்சுப்டே உப்பங்கழிக்கும் கரீபியக் கடலுக்கும் நடுவில், 7 என்ற எண்ணின் வடிவில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல்திட்டில் ஓட்டல்கள். உள்ளே நிலப்பரப்பில், அந்த ஓட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்கு வீடும் பள்ளியும் சந்தையும். முன்னதை ஓட்டல் வட்டாரம் என்கிறார்கள், பின்னதை சென்ட்ரோ. "ரிசார்ட்டா, ஊருக்குள் ஓட்டலா" என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான கோடு கிழித்த ஊர் மெக்சிகோவில் அரிது.

ரிசார்ட்டின் சௌகரியங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல், குழந்தைகளுக்கு நீச்சல் குளம், நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு லிஃப்ட். கைக்குழந்தை உள்ளவர்களும், வருஷம் முழுக்க ஓடிக் களைத்து நான்கு நாள் சும்மா கிடந்தால் போதும் என்று நினைப்பவர்களும் தாராளமாகக் கடலோரத்தில் தங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கான்கூனில் ஓட்டல் முகவரிகள் குகுல்கான் சாலையின் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். சுமார் 9-வது கிலோமீட்டர் வரை உள்ளவை வடக்கே விரிகுடாவைப் பார்த்தவை. அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். அதைத் தாண்டினால் திறந்த கடல். அலையும் இழுப்பும் பலம். சிவப்புக் கொடி ஏற்றிய நாளில் குழந்தைகளோடு அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது.

எச்சரிக்க வேண்டியது கடலோரத்தில் தங்குவதைப் பற்றியில்லை. "எல்லாம் அடக்கம்" என்று விற்கப்படும் அந்த மூன்று வேளைச் சாப்பாட்டுத் திட்டத்தைப் பற்றி.

கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு, குடிவகை, சிற்றுண்டி எதற்கும் பணம் கேட்க மாட்டார்கள். கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு கதை. ஊருக்குள் ஓட்டலில் வாடகை அறைக்கு. இங்கே பெரும்பாலும் தலைக்கு. அப்பா, அம்மா, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் போனால் தலைக்கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணத்துக்குள் பகல் முழுக்க ஓடும் மதுவின் விலையும் அடக்கம். மது தொடாத பெற்றோரும், பழச்சாறோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளும் நீச்சல் குளத்து பாரில் பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பவரின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள்.

பணம் போனால் போகட்டும். முன்கூட்டியே கட்டிவிட்டதால் வெளியே போக மனம் வராது; பெரிய இழப்பு அதுதான். ஊருக்குள் நல்ல சாப்பாட்டுக்கடை இருக்கிறது என்றால், "இங்கேதான் காசு கட்டியிருக்கிறோமே" என்ற பதில் வரும். கான்கூனிலிருந்து பிளாயா டெல் கார்மெனுக்கும் துலூமுக்கும் போகும் 307-ம் நெடுஞ்சாலையோரத்து ரிசார்ட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். வாசல் கேட்டிலிருந்து அறைக்கே வண்டியில்தான் போக வேண்டிய அளவுக்கு வளாகங்கள் பெரிது. கேட்டைத் தாண்டினால் நெடுஞ்சாலை, இரு பக்கமும் காடு. பொடிநடையாகப் போய் ஒரு காபி குடிக்க வழியில்லை. அழைத்துப் போகும் டாக்சிக்கு மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடித்துவிட வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பஃபே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகிறார்கள். மெக்சிகோவில் அவரைப் பருப்பைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். வாழையிலையிலும் சோளத்தோலிலும் பொதிந்து அவிக்கும் தமாலின் மாவிலும் அதே கொழுப்பு உண்டு. பஃபே தட்டத்துக்குப் பின்னால் நிற்கும் பையனுக்கு அது எதில் சமைத்தது என்று தெரியாமலே இருக்கலாம். ஊருக்குள் ஃபோண்டா என்ற சின்னச் சாப்பாட்டுக்கடையில் சமைத்த அம்மாளே எதிரே நிற்பார். "சின் கார்னே, சின் மாண்டேக்கா" என்றால் இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்று அவருக்குப் புரிந்துவிடும். பூசணிப் பூ வைத்த கேசடியாவோ, நோபால் என்ற கள்ளிமடல் வதக்கலோ சுடச்சுடக் கல்லிலிருந்து வரும். யுகட்டான் பக்கத்து ஹபனேரோ மிளகாய்ச் சட்னி, காரத்துக்குப் பேர்போன குடும்பத்தையும் தண்ணீர் கேட்க வைக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விமான நிலையத்து வருகைக் கூடத்திலேயே சிரித்த முகத்தோடு மறிப்பார்கள். ரிசார்ட் வரவேற்பறையில் மறுபடியும் பிடிப்பார்கள். காலை உணவு இலவசம், ஒரு மணி நேரம் பேசினால் போதும் என்பார்கள். அது டைம்ஷேர் விற்பனை. பேச்சு அரை நாளைத் தின்றுவிடும். இளகிய மனசுக்காரர்கள் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டவர்களுக்கு மெக்சிகோ விதிகளில் ஒரு வழி இருக்கிறது: ஐந்து வேலைநாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அசந்தால் அந்த நாட்கள் ஓடிவிடும்.

கடல் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமே என்பார்கள். மெக்சிகோவில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, தேசத்துக்குச் சொந்தம். வழியை அடைப்பவர்களுக்கு அபராதம் விதிக்க 2020-ல் சட்டத்தையும் திருத்தினார்கள். கான்கூன் சென்ட்ரோவில் தங்கினால் ஆர்-1, ஆர்-2 பேருந்துகள் ஓட்டல் வட்டாரத்தின் நெடுகப் போகும். பிளாயா டெல்ஃபினெஸ் என்ற பொதுக் கடற்கரையில் இறங்கினால் ரிசார்ட்டுக்காரர்கள் பார்க்கும் அதே நீலக் கடல்தான்.

அந்த நீலமும் எல்லா மாதமும் உத்தரவாதமில்லை. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து திரள்திரளாக மிதந்து வந்து கரீபியக் கரைகளில் ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் அதன் வேகம் அதிகம்; குவிந்து அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்கும். 2005 அக்டோபரில் வில்மா சூறாவளி கான்கூனின் மணலையே அள்ளிக்கொண்டு போனது. கடலடியிலிருந்து மணலைத் தோண்டிக் கரையில் கொட்டி மறுபடி உண்டாக்கினார்கள். கடலை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் கட்டியவருக்கு, பாசி ஒதுங்கிய வாரத்தில் போக்கிடம் இருக்காது. ஊருக்குள் இருப்பவர் அன்று சந்தைக்குப் போவார், செனோட்டே என்ற சுண்ணாம்புப் பாறைக் கிணற்றில் நீந்தப் போவார்.

ஊருக்குள் தங்குவதிலும் குறை உண்டு. சந்தடி இருக்கும், ஞாயிறு இரவு பாட்டுச் சத்தம் நள்ளிரவைத் தாண்டும். தெருப்பக்க அறை வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை கொடுங்கள் என்று முன்பதிவிலேயே கேட்டுவிட வேண்டும். சின்ன ஓட்டல்களில் லிஃப்ட் இருக்காது; மூட்டுவலிக்காரர்கள் தரைத்தள அறையைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பெரும்பாலான ஓட்டல்களில் 20 லிட்டர் கேன் வைத்திருப்பார்கள்.

கான்கூன் சென்ட்ரோவில் மாலையில் பார்க்கே டெ லாஸ் பலாபாஸ் பூங்காவுக்கு நடந்து போனால் இந்தச் சிரமமெல்லாம் மறந்துபோகும். உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும். மர்க்கேசிட்டா சுடும் வண்டியில் மொறுமொறுவென்று சுட்ட மாவுச்சுருளுக்குள் சீஸைத் துருவிப் போட்டுத் தருவார்கள். சோளத்தை உதிர்த்து எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தூவிய கோப்பை இன்னொரு வண்டியில். மெரினாவில் சாயங்காலம் சுண்டலோடு உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்நியமாகத் தோன்றாது.

சிச்சென் இட்சா பிரமிடைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கான்கூனிலேயே தங்கியிருப்பது வீண். அங்கிருந்து அது 200 கிலோமீட்டர். ரிசார்ட் பேருந்துகள் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேருகின்றன. அப்போது கூட்டமும் உச்சத்தில் இருக்கும். வயாடோலிட் என்ற சிறு நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். முந்தின இரவு அங்கே தங்கி, காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே போனால், எதிரே நிற்கும் பிரமிடை நெரிசலில்லாமல் சுற்றிப் பார்க்கலாம். இன்னும் மேற்கே 1542-ல் ஸ்பானியர்கள் நிறுவிய மெரிடா. அங்கே நடுமுற்றம் வைத்த பழைய மாளிகைகள் ஓட்டல்களாகியிருக்கின்றன. கடல் வேண்டும் என்றால் புரோக்ரெசோ துறைமுகம் 35 கிலோமீட்டர். யுகட்டான் மாநிலத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கை மிகக் குறைந்த படியிலேயே இருந்துவருகிறது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு அது ஆறுதலான செய்தி.

இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும் ஊர்களும் உண்டு. பசிபிக் கரையின் புவேர்ட்டோ வயார்ட்டாவில் பழைய நகரமே கடலில் காலை நனைத்துக்கொண்டிருக்கிறது. 1963-ல் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் பக்கத்து மிஸ்மலோயாவில் ஒரு படம் எடுத்ததிலிருந்துதான் இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. லாஸ் முயெர்ட்டோஸ் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அறை எடுத்தால் காலையில் கடல், மதியம் ஃபோண்டா சாப்பாடு, மாலையில் கடற்கரைச் சாலையில் உலாத்தல் எல்லாம் காலாலேயே முடியும். சர்காசம் தொல்லை பசிபிக் பக்கம் இல்லை. லாஸ் காபோஸில் நிலைமை நேரெதிர். படத்தில் அழகாகத் தெரியும் பல கடற்கரைகளில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்பதால் நீந்த முடியாது. குளிக்கும் ஆசையோடு பெரும் வாடகை கொடுத்து, கடலைப் பார்த்துக்கொண்டே குளத்தில் நீந்திவிட்டு வருகிறார்கள். அங்கே போகிறவர்கள் மெதானோ கடற்கரைப் பக்கம் தங்கலாம். அல்லது சான் ஹோசே டெல் காபோவின் பழைய ஊருக்குள் தங்கலாம்.

அடிப்படையில் இது அவரவர் சுபாவத்தைப் பொறுத்த விஷயம். சந்தையில் விலை கேட்டுக்கொண்டே நடப்பதில் மகிழ்பவர் இருக்கிறார். புத்தகமும் கடல்காற்றும் போதும் என்பவர் இருக்கிறார். மச்சினருக்குப் பிடித்தது மாமனாருக்குப் பிடிக்க வேண்டியதில்லை. பயணத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, காலையில் எழுந்ததும் என்ன செய்ய ஆசை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாலே தங்குமிடம் முடிவாகிவிடும். பெற்றோரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். "உங்க இஷ்டம்பா" என்ற பதிலோடு விட்டுவிடாமல் இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். பொறுமையும் வேண்டும். தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறது என்று கடிகாரம் காட்டும் இணையதளத்தில் அவசரமாகப் பணம் கட்டக் கூடாது. நான்கு நாளில் ஐந்து ஊர் பார்க்கும் திட்டமும் வேண்டாம். புது ஊர் பிடிபட இரண்டு நாளாவது ஆகும். முதல் நாள் தடுமாறுகிறவர்கள் மூன்றாம் நாள் பேருந்தில் தாங்களே சில்லறை எண்ணிக் கொடுத்துப் போய்வருகிறார்கள்.

கான்கூனுக்கு முதல்முறை போகும் குடும்பங்கள் சென்ட்ரோவிலோ வயாடோலிடிலோ மூன்று இரவு தங்கட்டும். கடைசி ஒரு இரவுக்கு 9-வது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், சாப்பாடு சேர்க்காமல் அறை மட்டும் வாடகைக்குத் தரும் ஒரு கடலோர ஓட்டலை எடுக்கட்டும். இரண்டு அறையையும் பணம் திரும்பக் கிடைக்கும் விதியோடு பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சர்காசம் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, தேவையானால் அந்தக் கடைசி இரவையும் ஊருக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.