பால்கோவாவுக்கு ஒரு மாஸ் பேலன்ஸ்

2025-இல் ரீல்ஸ் பார்த்துட்டு கூமாப்பட்டிக்கும் பிளவக்கல் அணைக்கும் கிளம்பினவங்க நம்மில் நிறைய பேர். திரும்பி வரும்போது கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இல்லாவிட்டால் ஹாஸ்டலுக்குள் விடமாட்டார்கள். ஆனால் ரெண்டு பேர் வாங்கி வந்த ரெண்டு டப்பா ஒரே ருசியில் இருப்பதில்லையே, ஏன்? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது. டப்பாமேல் ஊர் பேர் இருந்தால் மட்டும் போதுமா? நாமே சோதிச்சுப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

10 லிட்டர் பசும்பால் ஏறத்தாழ 10.3 கிலோ. அதில் தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் 12.5% என்று வைத்தால், சுமார் 1.3 கிலோ. சர்க்கரை 1.25 கிலோ சேர்ப்போம். மொத்தம் 2.55 கிலோ. இறக்கும்போது 20% ஈரம் இருந்தால், கிடைப்பது 2.55 ÷ 0.8, அதாவது சுமார் 3.2 கிலோ.

ஆக, ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால் வேணும். உங்க ஊர் பால் விலையை மூன்றால் பெருக்கிப் பாருங்க. விறகும் கூலியும் சேர்க்கும் முன்பே அவ்வளவு ஆகிறது. அதைவிட மலிவாக ஒரு கிலோ கிடைத்தால், பாலுக்குப் பதில் உள்ளே என்ன போயிருக்கு?

அடுத்து நாக்கு

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ருசிக்காதீங்க. குளிரில் மணமும் இனிப்பும் அடங்கிவிடும்.

1. கண்: வெளிர் சந்தன நிறம் இருக்கணும். பாலின் புரதமும் லாக்டோஸும் சூட்டில் வினைபுரிவதால் வருவது அது. மெயிலார்டு வினைன்னு படிச்சோமே, அதுதான்.
2. மூக்கு: சுண்டக் காய்ச்சிய பால் மணம் வரணும். புளிச்ச வாடையோ சிக்கு வாடையோ வந்தால் பழசு.
3. வாய்: மென்மையான குருணை தட்டுப்பட்டுக் கரையணும். மேலண்ணத்தில் பசை மாதிரி ஒட்டினால் மாவு இருக்கலாம்.
4. தொண்டை: கடைசியில் பால் ருசி நிற்கணும். வெறும் இனிப்பு மட்டும் நின்றால் சர்க்கரை தூக்கல்.

சந்தேகம் தீரலையா? ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, நல்லா ஆறினதும் ரெண்டு சொட்டு அயோடின் கரைசல் விடுங்க. நீலமானால் மாவுச்சத்து உண்டு. அந்தத் துண்டைத் தின்றுவிடாதீங்க!

இரண்டாம் தரம் தப்பா?

தப்பில்லை. பிரான்சில் போர்தோ பகுதியின் பெரிய திராட்சைத் தோட்டங்கள், முதல் ஒயினுக்குத் தேர்வாகாததை வேறு பெயரில், குறைந்த விலையில் விற்கின்றன. ஷாத்தோ லத்தூர் தோட்டத்தின் 'லே ஃபோர் த லத்தூர்' அப்படிப்பட்ட இரண்டாம் ஒயின்தான். வாங்குகிறவருக்கு அது இரண்டாவது என்று தெரியும்.

இங்கேயும் அப்படிச் சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. மாவு கலந்ததை அசல் என்று விற்கும்போது ஏமாறுவது நாம் மட்டுமில்லை. அந்த மாவு எத்தனை லிட்டர் பாலுக்குப் பதிலாகப் போகுதோ, அத்தனை லிட்டர் விலையும் மாடு வளர்க்கிறவர் கைக்குப் போகாது.

அடுத்த தடவை ரெண்டு கடை டப்பா வாங்குங்க. பெயரை மறைச்சு, ரூம்மேட்டை ருசி பார்க்கச் சொல்லுங்க. மிச்சத்தை எங்க ரூமுக்கு அனுப்பிடுங்க!