தட்டில் முளைக்காதவை

அன்புள்ள தம்பிக்கு,

அனகாபுத்தூரில் அடையாற்றுத் தண்ணீரை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியா அத்தனையையும் கண்டுபிடிப்பதுதான் பிராஜெக்ட் என்று எழுதியிருந்தாய். அத்தனையையும் யாராலும் முடியாது. ஊடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, தட்டில் எது வளரும் என்பதைப் பாதி நீயே முடிவு செய்துவிடுகிறாய்.

மக்கான்கி அகாரில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இருப்பதால் கிராம் பாசிட்டிவ் வகைகள் பெரும்பாலும் தலைதூக்காது. லாக்டோஸைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை இளஞ்சிவப்பாகத் தெரியும். சால்மொனெல்லா நிறமில்லாமல் இருக்கும். அதே தண்ணீரை நியூட்ரியன்ட் அகாரில் தடவிப் பார், வேறு கூட்டம் வந்து நிற்கும்.

இந்தக் கெடுபிடியையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனிதான். பல்லாவரம், பம்மல் பக்கத் தோல் ஆலைகளைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. தோல் ஆலைக் கழிவில் பாக்டீரியா தேடுகிறவர்கள் ஊடகத்திலேயே குரோமியத்தைக் கலந்துவிடுவார்கள். தாங்காதவை மடியும், தாங்குபவை காலனி கட்டும். அவற்றில் சில, நச்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூவிணைதிறனாக மாற்றுகின்றன.

தனிக் காலனி கிடைக்காமல் எதற்கும் பெயர் வைக்காதே. கம்பி லூப்பைச் சிவக்கச் சுடு, ஆறவிடு. அவசரப்பட்டால் அகார் 'சுர்' என்று கத்தும். ஓர் ஓரத்தில் நெருக்கமாகக் கோடு இழு. மறுபடி சுட்டு, அந்தக் கோட்டின் நுனியை மட்டும் தொட்டு அடுத்த ஓரத்துக்குப் போ. இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கூட்டம் குறைந்து, கடைசிக் கோட்டில் புள்ளிகள் விலகி நிற்கும். ஒரு புள்ளியைத் தொட்டுப் புதுத் தட்டில் மீண்டும் கோடிழு. தட்டை இன்குபேட்டரில் கவிழ்த்து வை. மூடியில் வியர்க்கும் நீர் சொட்டினால் காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அந்த அகார் நம் கடலிலும் கிடைக்கிறது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து காய்ச்சுகிறார்கள். ராபர்ட் காக்கின் ஆய்வகம் முதலில் ஜெலட்டினைத்தான் நம்பியிருந்தது. அது 37 டிகிரியில் உருகிவிடும். சமையலில் அகாரைப் பயன்படுத்திப் பழகிய ஃபேனி ஹெஸ்ஸே 1881-ல் வழி சொன்னார். புகழ் என்னவோ காக்குக்குத்தான் போயிற்று.

இன்னொன்று. உன் ரயில் தினமும் தாம்பரம் சானடோரியத்தைக் கடக்கிறது. 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம். முட்டையும் மாலகைட் பச்சையும் சேர்த்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில், காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பான காலனி கண்ணில் படவே வாரக்கணக்காகும். எட்டு வாரம் காத்திருந்த பிறகே 'இல்லை' என்பார்கள். ஆகவே, இரண்டாம் நாள் வெறுமையாக இருக்கும் தட்டை வைத்து எதுவும் இல்லை என்று எழுதாதே; எந்த ஊடகம், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று சேர்த்து எழுது.

வீட்டில் வளர்த்துப் பார்க்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடு. கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் முறிக்கும் என்டிஎம்-1 நொதி பற்றி 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில், அந்த நொதி கொண்ட பாக்டீரியாக்களில் சென்னையில் பிரித்தெடுத்தவை மட்டும் 44. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன். ஆற்றில் கலக்கும் சாக்கடையில் அந்தச் சாதி இருக்க வாய்ப்புண்டு. கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீரை எடு, ஐஸ் பெட்டியில் வை, ஆறு மணி நேரத்துக்குள் கல்லூரி ஆய்வகத்தில் சேர்த்துவிடு. வேலை முடிந்த தட்டுகளை 121 டிகிரியில் அரை மணி நேரமாவது ஆட்டோகிளேவில் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்பு. கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்,
அக்கா