இராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவது என் வழக்கம். ஒரு ஞாயிறன்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒரே ஒரு தவறுக்காகத் தேர்வுத்தாளை வீட்டில் காட்டாமல் பைக்குள் மடித்து வைத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பலகையில் 67,46,32,83,88,800 என்று எழுதினேன். ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்துச் சொச்சம் கோடி!

12-ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையா. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 24, 60, 360 எல்லாம் இந்த இனம். டிப்ளமோ முடித்து, தியோடலைட்டோடு ரயில் பாதைகளில் அலைந்தவன் நான். வட்டத்தை 360 பாகையாக்கிய புண்ணியவான்களை எத்தனையோ முறை வாழ்த்தியிருக்கிறேன். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் முழு எண்தான். ஏழு மட்டும் இடிக்கும்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 60 = 2×2×3×5. இதில் 2 இருமுறை, 3 ஒருமுறை, 5 ஒருமுறை. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3×2×2 = 12. ஏன் ஒன்று கூட்ட வேண்டும்? ஒரு காரணியை உண்டாக்கும்போது 2-ஐ ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆக மூன்று வழி.

நம் பெரிய எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வருகின்றன. 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 காரணிகள். (ஒரு வாரத்துக்கும் 10,080 நிமிடங்களே!) முறைகள் ஏறாமல் இறங்கிக்கொண்டே போவதைப் பாருங்கள். 2-ஐவிட 3 அதிக முறை வந்தால், இரண்டையும் இடம் மாற்றி, அதே காரணிக் கணக்கோடு இன்னும் சிறிய எண்ணைச் செய்துவிடலாமே.

இராமானுஜன் தந்த பட்டியலின் கடைசி எண் இதுதான். கணிப்பொறி இல்லாத காலம். நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. அதைக் கண்டுபிடிக்க, கடைசி எண்ணை 23-ஆல் வகுக்கச் சொன்னேன். பிள்ளைகள் வரிசையாக வந்து வகுத்தார்கள். 2,93,31,86,25,600 வந்தது. காரணிகள் 5,040.

"இதுக்கு அவருக்கு மார்க் குறைச்சாங்களா, தாத்தா?" என்றாள் அந்தச் சிறுமி.

"1916-இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டமே கொடுத்தார்கள் அம்மா, இந்த ஆராய்ச்சிக்காக."

சற்று நேரம் கழித்துத் தாளை எடுத்து நீட்டினாள். 72-இன் காரணிகளை எழுதச் சொன்ன கேள்வி. பதினொன்று எழுதியிருந்தாள். 18 விட்டுப்போயிருந்தது.