வெயில் எல்லோருக்கும் ஒன்றல்ல

கேள்வி: வெயிலில் எல்லோரும்தான் அலைகிறோம். சில குழந்தைகளுக்கு மட்டும் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வருகிறதாமே, எதனால்?

பதில்: நீங்கள் சொல்வது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற மிக அரிதான பரம்பரை நோய். வெயிலின் புற ஊதாக் கதிர் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ.வைச் சிதைக்கத்தான் செய்கிறது. டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற இரண்டு ‘எழுத்துகள்’ ஒட்டிக்கொள்ளும். செல்லில் உள்ள புரதங்கள் பழுதான துண்டை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பிவிடும். இதன் நுட்பத்தை விளக்கிய அஸீஸ் சான்ஜார் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தப் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்வதில்லை. 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் இந்தக் குறையைக் கண்டறிந்தார். சீராகாத டி.என்.ஏ.வோடு செல் பிரிந்தால், நகலில் பிழை நிலைத்துவிடும். அதுதான் மரபணு மாற்றம். ஒரு பிழையால் புற்றுநோய் வந்துவிடாது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பி53 போன்ற மரபணுக்களில் பிழைகள் சேர வேண்டும். மற்றவர்களுக்கு அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இவர்களுக்குச் சில வருடங்களே போதும்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். முழுமையாகக் குணப்படுத்த வழியில்லை. வெயில் படாமல் காப்பதும், தோல் மருத்துவரிடம் அடிக்கடி காட்டுவதுமே பாதுகாப்பு.