குன்றில் கிடைத்த கல்: புதைபடிவம் தேடும் இளைஞருக்கு ஒரு கடிதம்

சென்னைப் புறநகரின் தாம்பரம், பல்லாவரம், திரிசூலம், வண்டலூர் வட்டாரத்துக் குன்றுப் பாறைகளில் புதைபடிவம் கிடைக்காது. புதைபடிவம் தேடிப் பழகும் இளைஞர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். அந்தக் குன்றுகள் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போது எலும்போ ஓடோ இலையோ உடைய உயிர் எதுவும் உலகில் தோன்றியிருக்கவில்லை. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை வைத்து இந்தப் பாறைக்குப் பெயரிட்டவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. பரங்கிமலையிலுள்ள சார்னோகைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

ஆகவே, ஒரு கல் எதைப் போல இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எந்தப் பாறையைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். சார்னோகைட்டின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கும்போது கல்லின் மூலைகள்தான் முதலில் கரையும். நாளடைவில் சதுரக்கல் உருண்டையாகி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். பார்த்தவர் முட்டை என்பார், மண்டையோடு என்பார். உடைந்த முகத்தைக் கைலென்ஸில் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். நீலம் பாய்ந்த படிகக்கல் துகள்களும் கருந்தாதுக்களும் எண்ணெய்ப் பளபளப்போடு ஒன்றையொன்று கவ்விக் கிடக்கும். ஓட்டுக்கும் கருவுக்கும் உரிய அமைப்பு அங்கே இருக்காது. துளைகள் நிறைந்த செம்புரைக்கல்லும் எலும்பென்று ஏமாற்றும்.

மெய்யான புதைபடிவத்துக்குத் தாம்பரத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த களிப்பாறைப் படுகைகள் உள்ளன. அவற்றில் டைலோஃபில்லம் போன்ற தாவரங்களின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன. அங்கேயும் ஒரு பொறி உண்டு. பாறை வெடிப்புகளில் மாங்கனீசு ஆக்சைடு படர்ந்து, பெரணிச் செடியை வரைந்ததுபோல் கறுப்புக் கிளைகளை உண்டாக்கும். இலைப்பதிவில் நடுநரம்பு தெளிவாக ஓடும். அதன் இருபுறமும் சிற்றிலைகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் அமைந்திருக்கும். மாங்கனீசுப் படிவு வெடிப்பின் ஓரத்திலிருந்து கிளம்பி, கிளைக்கு ஓர் அளவும் திசையும் இல்லாமல் பரவும். இந்த வேறுபாட்டைக் கண் பிடித்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

வடிவம் ஊரையே ஏமாற்றியதும் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டும்போது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி ஊரெங்கும் பரவியது. நிலவியலாளர்கள் நேரில் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் கடலுயிரியோடு தொடர்புடைய படிவு உருண்டைகள் என்றார்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் மூடியிருந்த வட்டாரம் அது. அங்கே கடலுயிர் கிடைப்பது இயல்பு. உருண்டை வடிவத்தை மட்டும் நம்பியதால்தான் முட்டை என்ற எண்ணம் எழுந்தது. கடலின் சுவடு என்பதே போதுமான பெருமை. முட்டையாக இருந்தால்தான் மதிப்பு என்பதில்லை.

புறநகரில் தேடுபவருக்கு இன்னொரு சிக்கல், லாரி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் மரம் கல்லாகிப்போன வெளியூர்க் கல்மரத் துண்டும் தோட்ட அழகுக்காகவோ நிரவலுக்காகவோ எங்கும் வந்து சேரலாம். தாய்ப்பாறையில் பதிந்திருப்பதற்கும் தரையில் தளர்ந்து கிடப்பதற்கும் சான்றின் வலிமை ஒன்றல்ல. அமிலச் சோதனையும் தனியே போதாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டு நுரைத்தால் சுண்ணாம்புப் பொருள் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சிமென்ட் கட்டியும் நுரைக்கும். பழைய வீட்டு இடிபாட்டின் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையும் நுரைக்கும். அந்தக் காரையில் சரியாக வேகாத சிப்பித் துண்டு தென்பட்டால் புதைபடிவம் என்றே தோன்றும்.

கல் கிடக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பல்லாவரமே சாட்சி. 1863 மே 30-ஆம் நாள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே சரளைக்குழி ஒன்றில் குவார்ட்சைட் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. சார்னோகைட் குன்றுகளின் அடிவாரத்தில் கிடந்த குவார்ட்சைட் அந்தக் குன்றுகளின் பாறை அல்ல; அதுவும் மனிதக் கை செதுக்கிய வடிவில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார்கள். புதைபடிவம் தேடிப் போகிறவர் இப்படி ஒரு கருவியைக் காணவும் கூடும். அது புதைபடிவம் அல்ல என்பதால் வீசிவிடலாகாது.

ஐயத்துக்குரிய கல்லை எடுக்கும் முன், கிடந்தபடியே அளவுகோலோடு படம் எடுக்க வேண்டும். சுற்றுப்புறத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், கல் பதிந்திருந்ததா தளர்ந்து கிடந்ததா என்பன குறிப்பேட்டில் ஏற வேண்டும். பதிந்திருப்பதைப் பெயர்க்கக் கூடாது. இரும்புத் தூரிகையால் தேய்ப்பதும் வார்னிஷ் பூசுவதும் மேற்பரப்பின் நுண்ணிய அடையாளங்களை அழித்துவிடும். திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் பாதுகாக்கப்பட்டவை. அங்கிருந்து சிறு துண்டும் எடுக்கலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கருத்துக் கேட்கச் சென்னையிலுள்ள இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் அலுவலகத்தையோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்து நிலவியல் துறையையோ அணுகலாம். முதலில் படங்களையும் குறிப்பையும் காட்டி, அவர்கள் கேட்ட பிறகு கல்லைக் கொண்டுபோவது நல்லது.