நீள்வட்டத் தண்ணீர்த் தொட்டி: மட்டமும் ஊன்றுகாலும்

மின்சாரம் உள்ளபோது நீர் இறைத்துத் தேக்கிக் கொள்ளவும், சிறிய அளவில் மீன் வளர்க்கவும் தரைக்கு மேல் தொட்டி அமைக்கும் வழக்கம் சிறு உழவர்களிடையே பரவி வருகிறது. துத்தநாகம் பூசிய தகட்டைச் சுற்றுச் சுவராக நிறுத்தி, உள்ளே கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் தொட்டி தயார். பள்ளம் தோண்டும் செலவும், சிமெண்ட் செலவும் இல்லை. ஆனால் மட்டம் பார்க்காமல் அவசரத்தில் நிறுத்திய தொட்டி, தண்ணீர் நிரம்பிய அன்றே சாய்ந்துவிடக் கூடும். விரிப்பு கிழிந்து, மீன் குஞ்சுகளும் மண்ணோடு போய்விடும்.

வட்டத்திற்கும் நீள்வட்டத்திற்கும் உள்ள வேறுபாடு

வட்டத் தொட்டியில் தண்ணீரின் உந்தல் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் போலத் தகடே அதைத் தாங்கிக் கொள்ளும். ஆகவே, இடம் இருந்தால் வட்டத் தொட்டியே நல்லது. இடம் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் மட்டுமே நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதன் இரு முனைகளும் அரைவட்டம்; நடுப்பகுதி நேர்ச்சுவர். நேர்ச்சுவரைத் தாங்க வளைவு இல்லாததால் அது வெளியே பிதுங்கும். அதைத் தடுக்கவே ஊன்றுகால்கள் தேவைப்படுகின்றன.

உதாரணமாக, 12 அடி அகலமும் 24 அடி நீளமும் உள்ள தொட்டியை எடுத்துக் கொள்வோம். சுவர் உயரம் 4 அடி. தண்ணீர் மூன்றரை அடி. இதில் சுமார் 25,000 லிட்டர், அதாவது 25 டன் தண்ணீர் நிற்கும். நேர்ச்சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் தண்ணீர் சுமார் 173 கிலோ விசையுடன் தள்ளும். ஒரு பக்க நேர்ச்சுவர் 12 அடி என்பதால் மொத்த உந்தல் 2 டன்னுக்கு மேல். இதில் முக்கால் பங்கு சுவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. ஊன்றுகாலின் அடிப்பாகம் உறுதியாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இடத் தேர்வு

மேற்படி தொட்டிக்கு ஊன்றுகால்களையும் சேர்த்து 18 அடி அகலமும் 28 அடி நீளமும் உள்ள இடம் வேண்டும். பழைய குழியை மூடிய இடம், எருக்குழி இருந்த இடம், மரத்தடி, கிணற்று ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும். செம்மண் அல்லது சரளைத் தரை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

புல், வேர், கல் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்பது அவசியம். விட்டுப்போன ஒரு கிழங்கு முளைத்தாலும் அதன் கூரிய முளை விரிப்பைத் துளைத்துவிடும்.

மட்டம் பார்த்தல்

கண் பார்வைக்கு மட்டமாகத் தோன்றும் தரையில்கூட 12 அடிக்குள் அரை அடி சரிவு இருக்கக் கூடும். தொட்டிக்குள் ஒரு பக்கம் மூன்றே கால் அடியும், எதிர்ப் பக்கம் மூன்றே முக்கால் அடியும் தண்ணீர் நின்றால், உந்தல் ஒரு பக்கம் அடிக்கு 150 கிலோவாகவும் மறுபக்கம் 200 கிலோவாகவும் ஆகிவிடும். அரை அடி சரிவால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

மட்டம் பார்க்க, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் போதும். கண்ணாடி போன்ற அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய் 40 அடி வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பவும். இடம் முழுவதும் 4 அடிக்கு ஒன்றாக முளைக்குச்சிகள் அடிக்கவும். குழாயின் ஒரு முனையை முதல் குச்சியிலும், மறுமுனையை மற்றக் குச்சிகளில் ஒவ்வொன்றாகவும் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குறிக்கவும். எல்லாக் குறிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். இனி, குறியிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். எந்தக் குச்சியில் அளவு மிக அதிகமோ, அங்கேதான் தரை மிகத் தாழ்ந்துள்ளது. அங்கே 20 அங்குலமும் வேறோர் இடத்தில் 15 அங்குலமும் இருந்தால், அந்த வேறிடத்தில் 5 அங்குலம் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும்.

மேட்டை வெட்ட வேண்டுமே தவிர, பள்ளத்தை நிரப்பக் கூடாது. புதிதாகப் போட்ட மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினாலும் அது பிறகு அமுங்கும். தொட்டி நிறைந்ததும் ஒவ்வொரு சதுர அடித் தரைமீதும் சுமார் 100 கிலோ எடை ஏறும் என்பதை மறக்கலாகாது. தரை முழுவதும் அரை அங்குலத்திற்கு மேல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் அமைய வேண்டும்.

கோடு போடுதல்

மட்டம் செய்த பிறகு இடத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கயிறு கட்டவும். அதில் 12 அடி இடைவெளியில் இரு முளைகள் அடிக்கவும். இவையே இரு அரைவட்டங்களின் மையங்கள். ஒவ்வொரு மையத்திலும் 6 அடிக் கயிறு கட்டி வெளிப்புறமாக அரைவட்டம் வரையவும்.

நேர்ச்சுவர் தொடங்கும் புள்ளியைக் காண எளிய வழி உண்டு. முதல் மையத்திலிருந்து நடுக்கயிற்றின் மேல் இரண்டாம் மையத்தை நோக்கி 8 அடியில் ஒரு குறி இடவும். மையத்திலிருந்து 6 அடியும், அந்தக் குறியிலிருந்து 10 அடியும் சரியாகச் சந்திக்கும் இடமே அப்புள்ளி. நடுக்கயிற்றின் இரு புறமும் இவ்வாறு குறித்து, இரண்டாம் மையத்திலும் இதையே செய்தால் நான்கு புள்ளிகள் கிடைக்கும். குறுக்கு மூலைகளை அளந்து பார்க்கவும். இரண்டும் சமமாக, ஏறக்குறைய 17 அடி இருந்தால் கோடு சரி. சமமாக இல்லாவிட்டால் தொட்டி கோணலாகும். மறுபடியும் அளப்பதே நல்லது.

ஊன்றுகால் நிறுத்துதல்

நேர்ச்சுவரில் 4 அடிக்கு ஒன்றாக, பக்கத்திற்கு 4 ஊன்றுகால்கள் தேவை. இரு முனைப் புள்ளிகளில் இரண்டு, இடையில் இரண்டு. ஒவ்வொன்றும் எதிர்ப் பக்கத்து ஊன்றுகாலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். நேர்க்கால் ஒன்றும், அதன் மேற்பகுதியிலிருந்து வெளியே சரிந்து இரண்டரை அடி தள்ளித் தரையில் ஊன்றும் சாய்கால் ஒன்றும் சேர்ந்ததே ஓர் ஊன்றுகால். இடையில் உள்ள ஒவ்வொன்றும் ஏறக்குறைய 690 கிலோ உந்தலைத் தாங்குகிறது.

எதிரெதிர் ஊன்றுகால்களைத் தரைக்கு அடியில் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். அப்போது இரு பக்கத்து உந்தல்களும் ஒன்றையொன்று இழுத்துச் சமன் செய்து கொள்ளும். பட்டையின் இரு முனைகளிலும், சுவருக்கு உட்புறமாக 2 அடிச் சதுரத் தகடு பற்றவைக்கப்பட வேண்டும். அதன்மேல் நிற்கும் தண்ணீரே சுமார் 400 கிலோ எடையாக அழுத்தி, நேர்க்கால் மேலே எழும்பாமல் பார்த்துக் கொள்ளும். பட்டையும் தகடும் தரைக்குச் சமமாகப் படியும்படி வாய்க்கால் வெட்டிப் பதிக்க வேண்டும்.

ஒவ்வொரு காலின் அடியிலும் ஒன்றே கால் அடிச் சதுர, 2 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் பலகையை வெட்டிய கெட்டி மண்ணில் பதிக்க வேண்டும். அடியில் மணல் போட்டுத் தூக்கி வைக்கலாகாது. எல்லா நேர்க்கால் பலகைகளும் கால் அங்குலத்திற்குள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று குழாய் வைத்துச் சரிபார்க்கவும். நேர்க்கால் செங்குத்தாக நிற்பதைத் தூக்குக் குண்டு காட்டிவிடும். இரும்பின் கனத்தைக் கண்மதிப்பில் முடிவு செய்யாமல், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் படத்தைக் காட்டி ஆலோசனை பெறுவது நலம்.

தண்ணீர் விடுதல்

சலித்த மணலை 2 அங்குலம் ஒரே சீராகப் பரப்பி விரிப்பைப் போட்டபின், காலை வேளையில் முதலில் ஓர் அங்குலத் தண்ணீர் மட்டும் விடவும். தண்ணீரைவிடச் சிறந்த மட்டக்கருவி இல்லை. சுற்றிலும் அளந்து பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். வேறுபாடு ஓர் அங்குலத்திற்கு மேல் இருந்தால் அப்போதே இறைத்துவிட்டுத் தரையைச் சரிசெய்ய வேண்டும். அன்று ஒரு நாள் வேலை கூடும். நிரம்பிய பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்துப் பாதியளவு நிரப்பி ஓரிரவு விடவும். மறுநாள் தூக்குக் குண்டு பிடித்துக் கால்கள் அசையவில்லை என்று கண்ட பிறகே முழுவதும் நிரப்பலாம். நிரம்பும்போது நேர்ச்சுவர்ப் பக்கம் யாரும் நிற்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

வழியும் நீரும், மழை நீரும் சாய்கால்களின் அடியில் தேங்காதபடி வாய்க்கால் வெட்டி விடவும். ஈரத்தில் இளகிய மண்ணில் பலகை இறங்கும். எலி வளை தோன்றினால் உடனே அடைக்கவும். தொட்டியை முழுவதும் காலியாக விட்டால் காற்றில் தகடு சாயும். ஓரடித் தண்ணீராவது நிறுத்தி வைக்கவும். குழந்தைகள் ஏறாதபடி சுற்றிலும் வேலி அமைத்து, ஏணியை அப்புறப்படுத்தி வைப்பது மிக அவசியம்.

தண்ணீர் எப்போதும் தாழ்ந்த பக்கத்தையே தேடிச் சென்று அழுத்தும். தாழ்ந்த பக்கமே இல்லாமல் தரையை அமைத்துவிட்டால், சாதாரணத் தகடும் சில ஊன்றுகால்களும் 25 டன் நீரைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்கும். உழவர்கள் இம்முறையைக் கைக்கொண்டு பயன்பெறலாம்.