ஆய்வகத்திற்குள் நுழையும் முன்: வேதியியல் மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தாயார் நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகள் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "அண்ணே, லேபுக்குள்ள போகும்போது புர்காவைக் கழற்றி வைக்கணுமாம். உள்ளே ஆசிட் எல்லாம் இருக்குதாம். ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? பேசாம நிறுத்திடலாமான்னு அவ அத்தா கேக்குறார்" என்றார்.

அவருடைய அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், நிறுத்த வேண்டியது படிப்பை அல்ல, அறியாமையை என்று சொன்னேன். அன்று அவரிடம் சொன்னதையே இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இவை பொருந்தும்.

வேதியியல் நமக்குப் புதிதல்ல

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடல் உவர்நீரை வெயிலில் காயவிட்டு, அதன் அடர்த்தி ஏறுவதைக் கருவியால் அளப்பார்கள். போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரி வரும்போது சமையல் உப்பு படியத் தொடங்கும். மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் இருப்பதால் அதைப் பாத்தியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். எந்த நேரத்தில் எதை அளப்பது, எதை ஒதுக்குவது என்ற இந்த ஒழுங்குதான் ஆய்வகத்திலும் வேண்டும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அபூபக்கர் அல்-ராஸி, தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் பொருள்களை வகைபிரித்ததோடு, அடுப்பு முதல் வடிகலன் வரை தேவையான கருவிகளையும் விவரித்திருக்கிறார். பொருளையும் கருவியையும் அறிந்த பிறகே செய்முறை என்பது அன்றிலிருந்து வரும் பாடம்.

கல்லூரி என்ன எதிர்பார்க்கிறது?

பள்ளியில் ஆசிரியர் செய்து காட்டியதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் வாரம்தோறும் சில மணி நேரம் நீங்களே நின்று செய்ய வேண்டும். முதல் ஆண்டில் பெரும்பாலும் தரம்பார்த்தலும் உப்புப் பகுப்பாய்வும் இருக்கும்.

முதலாவது, அன்றைய சோதனையை முந்தைய இரவே படித்துவிட்டுப் போக வேண்டும். எந்தப் பொருளைக் கையாளப் போகிறோம், அது எரியுமா, அரிக்குமா, நஞ்சா என்று தெரியாமல் மேசை முன் நிற்கக் கூடாது.

இரண்டாவது, நேரத்திற்குப் போக வேண்டும். ஆசிரியர் எச்சரிக்கைகளைச் சொல்வது முதல் பத்து நிமிடத்தில்தான். தாமதமாக வருபவர் தவறவிடுவது அதைத்தான்.

மூன்றாவது, ரெக்கார்டு நோட்டை வாரம்தோறும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது முடிக்கப்படாவிட்டால் செய்முறைத் தேர்வில் சிக்கல் வரும்.

நான்காவது, அளவுகளைக் கண்டபடி எழுத வேண்டும். பியூரெட்டில் 19.8 வந்தால் 19.8 என்றே எழுதுங்கள். பக்கத்து மாணவருக்கு 20.0 வந்தது என்று நம்முடையதை மாற்றி எழுதுவது பொய். நாளை மருந்துக் கம்பெனியிலோ குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ அதே கை அதே பொய்யை எழுதினால், அதன் விலை ஒரு நோயாளியின் உயிராக இருக்கலாம்.

உடை: பேணுதலும் பாதுகாப்பும்

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். 2008 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு விபத்து நடந்தது. பாகிஸ்தானில் வளர்ந்த, 23 வயதே ஆன ஷெஹர்பானு சங்ஜி என்ற ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு திரவத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். குழாயின் தண்டு கழன்று திரவம் வெளியே வந்து பற்றிக்கொண்டது. அவர் ஆய்வக அங்கி அணிந்திருக்கவில்லை. அவர் போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டரில் தீ பிடித்தது. 18 நாட்களுக்குப் பின், 2009 ஜனவரி 16 அன்று அவர் இறந்துபோனார். பின்னர் நடந்த வழக்கில் பல்கலைக்கழகம் பொறுப்பை ஏற்று, ஆய்வகப் பாதுகாப்பு முறைகளைத் திருத்த ஒப்புக்கொண்டது.

நம் பிள்ளைகள் முதல் ஆண்டில் அத்தகைய திரவத்தைத் தொடப் போவதில்லை. ஆனால் எரிப்பான் அருகே நிற்பார்கள். பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கடைகளில் விற்கும் புர்காக்களில் பல அத்தகைய துணியால் ஆனவை. அகலமான கைப்பகுதியும் தொங்கும் துப்பட்டாவும் சுடரையோ கண்ணாடிக் குடுவையையோ எளிதில் தொட்டுவிடும்.

எனவே, அந்தப் பெண்ணின் தந்தையோடு நானும் போய்த் துறையில் பேசினேன். துறையினர் மரியாதையோடு கேட்டார்கள். முழுக்கைப் பருத்தி சுடிதார், அதன் மேல் முழங்கால் வரையிலான பருத்தி ஆய்வக அங்கி, தலைக்குப் பருத்தி மக்கனாவை இறுக்கமாகச் சுற்றி அதன் முனைகளை அங்கிக்குள் செருகிக்கொள்வது என்று முடிவாயிற்று. மேலே அணியும் புர்காவை மாணவியர் அறையில் மாட்டிவிட்டுப் போகலாம். தலையும் மறைந்தது, தீக்கும் இடமில்லை. அந்தப் பெண் இன்று இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். இப்படி ஒரு கேள்வி வந்தால் வீட்டிலேயே முடிவெடுக்காமல் முதலில் துறையில் போய்ப் பேசுங்கள். டிரஸ்ட் சார்பில் உடன் வருகிறோம்.

ஆண் பிள்ளைகளுக்கும் விதி உண்டு. ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை, தொங்கும் கழுத்துச் சங்கிலி கூடாது. காலை முழுவதும் மூடும் ஷூ வேண்டும். சிந்தும் அமிலம் முதலில் விழுவது காலில்தான். நீண்ட முடி இருந்தால் கட்ட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

வாயும் மூக்கும்

எண்பதுகளின் இறுதியில் நான் கல்லூரியில் படித்தபோது பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் நிரப்புவோம். ஒரு நாள் ஆக்ஸாலிக் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து நண்பனிடம் திரும்பினேன். பிப்பெட்டின் முனை திரவத்தை விட்டு மேலே வந்தது. காற்று புகுந்ததும் அமிலம் சரேலென்று வாய்க்குள் வந்துவிட்டது. உடனே துப்பிப் பலமுறை கொப்பளித்ததால் தப்பினேன். அன்று எங்களுக்கு யாரும் ரப்பர் பல்பு தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். வாயால் உறிஞ்சச் சொன்னால், பல்பு வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள்.

ஆய்வகத்திற்குள் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. சோதனைக்குழாயின் வாயை உங்கள் முகத்துக்கோ பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கோ நேராகப் பிடித்துச் சூடாக்கக் கூடாது.

மூக்கை நம்பாதீர்கள். உப்புப் பகுப்பாய்வில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் அளவு கூடினால் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதனால்தான் அதைப் புகைபோக்கி அறையில் மட்டும் செய்யச் சொல்கிறார்கள்.

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கும்போது, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், எழும் வெப்பத்தில் நீர் கொதித்து அமிலத்தை முகத்தில் தெறிக்க வைக்கும்.

பெயர் இல்லாத புட்டி

ஆய்வக விதிகளில் ஒன்றை மட்டும் நம் கடற்கரை மக்களுக்கு விளக்கவே தேவையில்லை. 2023 மே மாதம், நமக்கு வடக்கே மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அதே மெத்தனாலால் போயின.

மது நமக்கு ஹராம் என்பது வேறு விஷயம். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது, மெத்தனாலும் எத்தனாலும் கண்ணுக்கு ஒரே மாதிரி நிறமற்ற திரவங்கள். உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். இரண்டும் கல்லூரி ஆய்வக அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். வேறுபடுத்திக் காட்டுவது புட்டியில் ஒட்டிய சீட்டு ஒன்றுதான்.

ஆகவே, பெயர்ச் சீட்டு இல்லாத புட்டியைத் தொடாதீர்கள், ஆசிரியரிடம் காட்டுங்கள். எடுக்கும்போது ஒரு முறை, ஊற்றும் முன் ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை என மூன்று முறை சீட்டைப் படியுங்கள். சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரக் குறியீடுகள் மொத்தம் ஒன்பது. முதல் வாரத்திலேயே அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மிஞ்சியதை மறுபடி புட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு துளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

பெற்றோர்களே, இந்த விதி வீட்டுக்கும் உண்டு. கழிவறை ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டுக் கழுவாதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தோலில் அமிலம் பட்டால், பட்ட துணியை அகற்றி நிறையத் தண்ணீர் விட வேண்டும். அமிலத்தைக் காரம் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. அதுவும் சூட்டைக் கிளப்பும். தீக்காயத்திற்கு 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர்தான் முதலுதவி. பற்பசை, பேனா மை, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். துணியில் தீ பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் உருளுங்கள், அல்லது தீப்போர்வையால் மூடச் சொல்லுங்கள். காயம் பெரிதானால் 108-க்கு அழையுங்கள். உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் பொறுக்காதீர்கள்.

சிறியதோ பெரியதோ, நடந்ததை மறைக்காதீர்கள். திட்டு வாங்குவோம், குடுவைக்குப் பணம் கட்டச் சொல்வார்கள் என்ற பயத்தில் மறைத்தால், மேசையில் சிந்திய அமிலத்தில் அடுத்த வகுப்புப் பிள்ளை கை வைக்கும்.

ஆஸ்துமா இருந்தாலும், திருமணமான மாணவியர் கர்ப்பமாக இருந்தாலும் ஆசிரியையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ரமலானில் நோன்போடு நிற்கும்போது தலை சுற்றினால், உடனே எரிப்பானை அணைத்துவிட்டு உட்கார்ந்து, ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நிறைவாக

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். கண்ணாடி அணிவதும், அங்கியின் பொத்தானைப் போடுவதும், சீட்டைப் படிப்பதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதுதான். நம் கண்ணும் கையும் அல்லாஹ் தந்த அமானிதம். பக்கத்து மேசையில் நிற்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அதன் கண்ணும் கையும் நம் பொறுப்பில் உள்ள அமானிதம்தான்.

ஆய்வக அங்கியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கச் சிரமப்படும் குடும்பத்தினர், கல்லூரிச் சேர்க்கை ரசீதோடு அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். அங்கி இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைகூட வகுப்புக்கு வெளியே நிற்கக் கூடாது. அங்கி இல்லாமல் ஒரு பிள்ளைகூட உள்ளே போகவும் கூடாது.

வஸ்ஸலாம்.

செயலாளர்